கோய் மீனில் நகர்ந்த பொட்டு

மாதவரத்தில் மொட்டை மாடியில் ரெண்டு சிமெண்ட் தொட்டி வைத்திருக்கிறேன். போன ஐப்பசியில் கொளத்தூர் போய் ஆறு கோய் (அழகுக்கு வளர்க்கும் வண்ணக் கெண்டை) குஞ்சு வாங்கி வந்தேன். புது மீனைத் தனியாக ரெண்டு மூணு வாரம் வைத்துப் பார்க்கணும் என்று தெரியும். இருந்தும் ஆசையில் நேராகப் பழைய மீன்களோடு விட்டுவிட்டேன்.

ஒரு வாரத்தில் எல்லாம் சுவரில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தன. தண்ணீரைப் பாதி மாற்றியும் நிற்கவில்லை. ஒன்றை வலையில் அள்ளி வெள்ளை பேசினில் விட்டுப் பார்த்தேன். துடுப்பின் அடியில் பச்சை கலந்த ஒரு பொட்டு. செதில்தான் என்று நினைத்து நகத்தால் தொட்டேன், நகர்ந்தது! அப்படியே மீனை விட்டுக் கழன்று தண்ணீரில் சுழன்று நீந்தியது. பையனுடைய லென்ஸில் பார்த்தால் தட்டை உடம்பு, மிளகுத் தூள் மாதிரி ரெண்டு கண், அடியில் ஒட்டிக்கொள்ள ரெண்டு வட்ட உறிஞ்சி, நாலு ஜோடி கால்.

அதுதான் மீன் பேன், ஆர்குலஸ். பேன் என்று சொன்னாலும் பூச்சி இல்லை, இறால் நண்டு வகையறா. ஊசி மாதிரி ஒரு உறுப்பால் தோலைக் குத்தித்தான் சாப்பிடும்.

ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மூணாவது வாரம் அத்தனை மீனிலும் பொடிப் பொடியாக மறுபடி வந்துவிட்டது. தாய்ப்பேன் மீனில் முட்டையிடாது. இறங்கிப் போய்க் கல்லிலும் சுவரிலும் வரிசையாக ஒட்டிவைக்கும். நான் மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன், சுவரைப் பார்க்கவே இல்லை. கடைசியில் பேன் எடுத்த மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி, இதைக் காலி செய்து, கல்லையெல்லாம் தேய்த்து வெயிலில் நன்றாகக் காயவிட்ட பிறகுதான் விட்டது. யாருக்காவது வந்தால் முதலில் சுவரைத் தடவிப் பாருங்கள்.

*

நான் வில்லிவாக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் தொட்டியில் வந்தது ஆங்கர் வார்ம், அதாவது நங்கூரப் புழு. கோல்டு ஃபிஷ் வாலோரம் வெள்ளை நூல் மாதிரி தொங்கியது, நுனியில் ரெண்டு சின்னப் பை. அவசரப்பட்டு இழுத்துவிட்டேன். நூல் கையோடு வந்தது, நங்கூரம் மாதிரி விரிந்த தலை சதைக்குள்ளேயே நின்றுவிட்டது. புண் பெருத்து நாலாம் நாள் மீன் போய்விட்டது. எட்டு வருஷம் வளர்த்தது. பேரில்தான் புழு, அதுவும் இறாலுக்குச் சொந்தம்தான். உள்ளே தலையைப் பதிப்பது பெண் மட்டும், தொங்கும் பைகள் முட்டை. இனிமேல் யாரும் வெறுங்கையால் பிடுங்காதீர்கள். விஷயம் தெரிந்தவர் இடுக்கியால் பதிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பிடித்து மெதுவாக எடுக்கணும்.

மருந்து பற்றி ஒன்று. ஓடு உரித்து வளரும் உயிரைக் கொல்லும் மருந்துதான் ரெண்டுக்கும் கொடுக்கிறார்கள். அதே தொட்டியில் இறால் வளர்த்தால் அதுவும் சாகும். முட்டைக்குள் இருப்பது தப்பிவிடும் என்பதால் ஒரு தடவை ஊற்றினால் போதாது. மருந்து கலந்த தண்ணீரை ரெட்டேரிப் பக்கம் மட்டும் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள், அங்கே இருக்கும் சின்ன உயிர்களும் ஓடு உரிப்பவைதான்.

*

நான் மீன் வளர்ப்பதில்லை, சமைக்கிறவள். செங்குன்றத்தில் வாங்கிய ஏரிக் கெண்டையை ஆயும்போது செவுள் மூடி ஓரத்தில் இதே பொட்டைப் பார்த்தேன். பயந்து மீனையே தூக்கிப் போடப் போனேன். மாமியார் தடுத்து, கல் உப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிக் குழம்பு வைத்தார். இது மீன்மேல் வாழ்வது, நன்றாக வேகவைத்துச் சாப்பிடும் நமக்கு ஒன்றும் ஆகாது. அன்றைக்குக் கெண்டைக் குழம்பு நன்றாகவே இருந்தது.