சைட்டேஷனுக்குத் தமிழ்ச்சொல்: மேற்கோளா, சுட்டுகையா?

நாகர்கோவிலிலிருந்து, நூலகர்:

அனைவருக்கும் வணக்கம்.

ஆய்வு மாணவர்களுக்கான கையேட்டில் ‘நோயெதிர்ப்பியல் ஆய்வாளரின் வெளியீட்டுப் பதிவை அளப்பது எப்படி’ என்ற பகுதி ஒரே ஒரு சொல்லால் முடியாமல் நிற்கிறது: சைட்டேஷன், அதாவது ஓர் ஆய்வுக் கட்டுரை முன்னே வந்த இன்னொரு கட்டுரையைக் குறிப்பிடுவது. இதுவரை ‘மேற்கோள்’ என்று போட்டு வந்திருக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டும் என்கிறேன்.

மேற்கோள் என்றதும் வாசகர் நினைப்பது, ஒருவர் சொன்னதை அப்படியே எடுத்து இரட்டைக் குறிக்குள் வைப்பதை. ஆய்வுக் கட்டுரையில் அது அநேகமாக நடப்பதே இல்லை. ‘எலியின் மண்ணீரலிலிருந்து டி செல்களை முன்னர் விவரித்த முறைப்படி பிரித்தோம்’ என்று எழுதி, வரி முடிவில் 14 என்று சின்னதாக ஓர் எண் போட்டால் அது ஒரு சைட்டேஷன். 14-ஆம் கட்டுரையிலிருந்து ஒரு சொல்கூட இங்கே வந்து சேரவில்லை. சைவ சித்தாந்தம் படித்தவருக்குக் குழப்பம் இன்னும் கூடும். சிவஞானபோதத்தில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பொருள் விரியும். அங்கே மேற்கோள் என்பது ஆசிரியர் தாமே நிறுவ வந்த கருத்து. நமக்கு வேண்டியதோ பிறர் கட்டுரையைக் காட்டும் விரல்.

இதழ்களை அளக்கும் இம்பாக்ட் ஃபாக்டருக்கு வழங்கும் ‘தாக்கக் காரணி’யிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஓர் இதழின் 2024-ஆம் ஆண்டு எண்ணை எப்படிக் கணிக்கிறார்கள்? 2022, 2023 இரண்டு ஆண்டிலும் அந்த இதழில் வந்தவற்றுக்கு 2024-இல் கிடைத்த சைட்டேஷன்களைக் கூட்டி, அந்த இரண்டு ஆண்டில் வந்த ஆய்வுக் கட்டுரை, மீளாய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். அவ்வளவுதான். இதில் தாக்கியது யார், தாக்கப்பட்டது யார்? ஒரு வகுத்தல் கணக்குக்கு இத்தனை பெரிய பெயர் வைத்தால், நேர்காணல் அறையில் அந்தப் பெயர்தான் பேசும், கணக்கு பேசாது.

சைட்டேஷனுக்கு ‘சுட்டுகை’ என்று முன்மொழிகிறேன். சுட்டும் கட்டுரை, சுட்டப்பட்ட கட்டுரை, தற்சுட்டுகை என்று கிளைகளும் எளிதாக வரும். டீச்சர், உங்கள் துறைக்கு இது தாங்குமா என்று பாருங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து, நோயெதிர்ப்பியல் ஆசிரியை:

சார், சொல்லை முடிவு செய்யுமுன், அது எந்தெந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று வரிசையாகப் பார்த்துவிடுவோம். வேலை நடக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். நம் ஊர்ப் பெயர்களில் இதுவே பாதி வேலை. தரவுத்தளங்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். நமக்கோ முன்னெழுத்து தகப்பனார் பெயர். ஒரு கட்டுரையில் எழுத்தாக நிற்கும், இன்னொன்றில் முழுப்பெயராக விரிந்து பின்னால் போகும். திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்தால் மூன்றாவது ஆள் பிறந்துவிடுவார். ஸ்கோப்பஸ் என்ற தரவுத்தளத்தில் ஒரே ஆய்வாளருக்கு மூன்று பக்கம் இருப்பதும், ஒரே பக்கத்தில் இரண்டு பேர் கலந்து கிடப்பதும் சாதாரணம். அதனால் ஆய்வாளரின் அடையாள எண்ணான 16 இலக்க ஆர்க்கிட் எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். அவர் கொடுத்த பட்டியலோடு ஒவ்வொரு கட்டுரையையும் ஒப்பிட்டு, பிரிந்த பக்கங்களை இணைக்கச் சொல்லி எழுதிய பிறகே எண்ணத் தொடங்கலாம்.

அடுத்தது, எங்கே எண்ணினோம், என்று எண்ணினோம் என்பது. கூகுள் ஸ்காலர், இதழில் வருமுன் இணையத்தில் இடும் முன்பதிப்பு, ஆய்வேடு எல்லாவற்றையும் எண்ணும்; ஸ்கோப்பஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தாங்கள் சேர்த்துக்கொண்ட இதழ்களை வைத்து எண்ணும். ஆகவே ஒரே ஆளுக்கு மூன்று எச் எண் (எச் 7 என்றால், குறைந்தது 7 சைட்டேஷன் பெற்ற கட்டுரைகள் 7 உண்டு) வரும், பெரும்பாலும் கூகுளில் வருவதே பெரியது. தரவுத்தளத்தின் பெயரும் பார்த்த தேதியும் இல்லாத எச் எண்ணைக் கையேட்டில் எங்கும் போடக் கூடாது.

எச் எண்ணை 2005-இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ், இயற்பியலாளர். ஒருவருக்கு 10 கட்டுரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் கிடைத்த சைட்டேஷன்களை இறங்கு வரிசையில் எழுதினால் 48, 31, 22, 15, 9, 7, 7, 4, 2, 0. வரிசை எண்ணும் கிடைத்த எண்ணிக்கையும் சந்திக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஏழாவது கட்டுரைக்கு 7, எட்டாவதுக்கு 4. எனவே எச் 7. கூகுள் காட்டும் ஐ-10 எண் 4, ஏனென்றால் பத்தோ அதற்கு மேலோ பெற்றவை நான்கு. முதல் கட்டுரையின் 48 நாளைக்கு 480 ஆனாலும் எச் 7-லேயே நிற்கும். ஆனால் 8 ஆக எத்தனை தேவை? ஆறே ஆறு: ஆறாவதுக்கு ஒன்று, ஏழாவதுக்கு ஒன்று, எட்டாவதுக்கு நாலு. தன் பழைய கட்டுரையைத் தானே காட்டி எண்ணை ஏற்றுகிறவர்கள் இந்த இடத்தில்தான் போடுவார்கள். மதிப்பிடுகிறவர் எச் எல்லையில் நிற்கும் இரண்டு மூன்று கட்டுரையைத் திறந்து, யார் யார் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால் விஷயம் வெளிவந்துவிடும். ஸ்கோப்பஸில் தன்னைத்தானே காட்டியவற்றை நீக்கிவிட்டு எண்ணும் வசதி உண்டு. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லலாம்.

இன்னொன்று, எச் ஏறும், இறங்காது. வேலையை நிறுத்தினவருக்கும் ஏறும். அதனால் முதல் கட்டுரை வந்து எத்தனை ஆண்டு என்று பார்த்து வகுக்கும் எம் விகிதத்தையும் ஹிர்ஷே சொல்லியிருக்கிறார். குழந்தைப்பேறு, நோய் என்று இடைவெளி இருந்தால் அந்த ஆண்டுகளைக் கழித்துக் கணக்கிடுவதே நியாயம்.

நம் துறைக்கே உரிய சிக்கல்கள் இரண்டைச் சொல்ல வேண்டும். செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி முறைக்கான வழிகாட்டிக் கட்டுரைகள் 2017-இலும் 2019-இலும் நூற்றுக்கணக்கான ஆசிரியர்களோடு வந்தன. அதில் பெயர் இருந்தாலே ஒருவரின் மொத்த எண்ணிக்கை குதித்துவிடும். எச்சோ மிஞ்சினால் ஒன்று கூடும். மொத்தத்தை மட்டும் காட்டும் தன்விவரத்தைக் கண்டால் இதைத் தேடிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, கோவிட். 2020-இல் வந்த கோவிட் கட்டுரைகள் பெற்ற எண்ணிக்கையால் பல இதழ்களின் தாக்கக் காரணி ஏறி, பிறகு இறங்கியது. அந்த இரண்டு மூன்று ஆண்டைத் தனியாகப் பிரித்து வைத்துப் பார்ப்பதே சரி.

மீளாய்வுக் கட்டுரைகளையும் பிரிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனைகூடச் செய்யாமல் எழுதப்படுபவை, ஆனால் அதிகம் காட்டப்படுபவை. முதல் ஆசிரியர், கடைசி ஆசிரியர், நடுவில் நிற்பவர் என்பதையும் குறிக்க வேண்டும். நம் துறையில் கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வுக்கூடத் தலைவருடையது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதும் இருக்கிறதா என்று மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளமான பப்மெட்டில் பார்த்துவிட வேண்டும், அவற்றையும் பின்னால் வருகிறவர்கள் தெரியாமல் காட்டிக்கொண்டே இருப்பார்கள்.

சுட்டுகை என்ற சொல்லில் எனக்குக் குறையில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பாராட்டியும் காட்டுவார்கள், மறுத்தும் காட்டுவார்கள். நன்னூல், பிறர் கருத்தை எதிர்கொள்ளும் கொள்கைகளான எழுவகை மதத்தில் உடன்படலையும் மறுத்தலையும் அடுத்தடுத்து வைத்தது போல. சொல் இரண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ‘சான்று’ என்று யாராவது சொன்னால் அதை ஏற்கக் கூடாது, அது ஒரு பக்கம் சாய்ந்த சொல்.

தக்கலையிலிருந்து, பத்திரிகையாளர்:

அக்கா, சார், இருவரும் சொன்னதில் பொருள் சரி. ஓசை சரியில்லை. ‘இவரது கட்டுரையை 48 பேர் சுட்டிருக்கிறார்கள்’ என்று எங்கள் பக்கத்தில் அச்சாகட்டும், வாசகர் என்ன நினைப்பார்? 48 பேர் திருடிவிட்டார்கள் என்றுதான். ‘சுட்டியிருக்கிறார்கள்’ என்று இருக்க வேண்டும் என்பீர்கள்; மெய்ப்புத் திருத்துகிறவர் ‘யி’ என்ற ஓர் எழுத்தை விட்டால் ஆய்வாளரின் மானம் போய்விடும். காப்பியடித்ததைச் ‘சுட்டது’ என்று சொல்லும் வழக்கு ஊரெங்கும் இருக்கும்போது, ஆய்வு நேர்மையைப் பற்றிய பகுதியிலேயே இந்தச் சொல்லை வைப்பது ஆபத்து. ‘சுட்டி’ என்று மாற்றவும் முடியாது, அது கணினியில் வேறு பொருளுக்குப் போய்விட்டது.

குளச்சலிலிருந்து, இறால் நோய் ஆய்வாளர்:

துறைக்குத் துறை மாறும் அளவுக்கும் ஒரு சொல் வேண்டும் என்பதால் எழுதுகிறேன். வெள்ளைப்புள்ளி வைரஸுக்கு இறாலின் உடல் எப்படி எதிர்த்து நிற்கிறது என்று பார்ப்பதும் நோயெதிர்ப்பியல், புற்றுநோய்க்கு டி செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லை ஏவுவதும் நோயெதிர்ப்பியல். இரண்டாவதில் ஆய்வுக்கூடங்கள் பல மடங்கு அதிகம், ஆகவே காட்டுகிறவர்களும் அதிகம். இருவரின் எச்சையும் ஒரே தட்டில் வைப்பது, ரப்பர் பாலை லிட்டர் கணக்கில் வாங்குவதற்குச் சமம். நம் மாவட்டத்தில் யாரும் அப்படி வாங்குவதில்லை. மாதிரி எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, தகடாக உருட்டி, காயவைத்து எடை போட்டு டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பரின் விழுக்காடு) பார்த்துத்தான் விலை. மழைத் தண்ணீர் கலந்தால் லிட்டர் ஏறும், டி.ஆர்.சி. இறங்கும், டீச்சர் சொன்ன தன்னைத்தானே காட்டுவதும் அந்தத் தண்ணீர்தான்.

ஆய்வுக்கும் இப்படி டி.ஆர்.சி. உண்டு. ஸ்கோப்பஸில் துறை, ஆண்டு, கட்டுரை வகை மூன்றும் ஒத்தவற்றின் உலகச் சராசரியை 1 என்று வைத்து ஒப்பிடும் எண் இருக்கிறது, 1.5 என்றால் ஒத்த கட்டுரைகளைவிட 50 விழுக்காடு கூடுதல். அமெரிக்கத் தேசிய நல நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஒப்பீட்டு விகிதம் இன்னும் நுட்பமானது: ஒரு கட்டுரையோடு சேர்த்துக் காட்டப்படும் மற்றக் கட்டுரைகளை வைத்தே அதன் துறையைத் தீர்மானிக்கும். இதழின் பெயரைப் பார்த்து அல்ல. எனக்கு ‘துறைநிகர்’ என்ற முன்னொட்டு பிடித்திருக்கிறது. சின்ன எண்ணிக்கையில் இதுவும் ஆடும். ஐந்தாறு கட்டுரை உள்ளவருக்கு ஒரே ஒரு கட்டுரை சராசரியைத் தூக்கிவிடும். அங்கே நடுமதிப்பைப் போடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து, நூலகர்:

தம்பி தக்கலையிலிருந்து சொன்னதை மறுக்க முடியாது. சுட்டுகையைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் வேரை விட மனமில்லை. ‘மேற்சுட்டு’ என்று ஆக்கினால்? உரையாசிரியர்கள் வழக்கில் மேல் என்பது முன்னே சொன்னது. ‘மேற்கூறிய’ என்று இன்றும் எழுதுகிறோம். முன்னே வந்த வேலையைச் சுட்டுவது மேற்சுட்டு. ‘மேற்சுட்டிய கட்டுரை’ என்பது ஏற்கெனவே காதுக்குப் பழகிய தொடர். முன்னால் ‘மேல்’ நிற்பதால் திருட்டுப் பொருள் ஒட்டாது: ‘48 பேர் மேற்சுட்டியிருக்கிறார்கள்’. உடன்பட்டாலும் மறுத்தாலும் பொருந்துகிறது. மேற்சுட்டு எண்ணிக்கை, தன்மேற்சுட்டு, இணைமேற்சுட்டு, துறைநிகர் மேற்சுட்டு விகிதம் என்று கிளைகளும் வருகின்றன. இன்டெக்ஸுக்குக் குறியீட்டெண் என்பது விலைவாசிக்குப் போய்விட்டது. எச் எண் என்று சுருக்கமாக விடலாம்.

தாக்கக் காரணிக்குப் பதில் ‘இதழின் ஈராண்டு மேற்சுட்டுச் சராசரி’. நீளம்தான். ஆனால் இதழுடையது, இரண்டு ஆண்டு, சராசரி என்ற மூன்றையும் பெயரே சொல்லிவிடுகிறது. ஆளின் தகுதிக்கு அந்த எண்ணைப் பயன்படுத்துகிறவர் இந்தப் பெயரை வாயால் சொல்லும்போதே தயங்குவார்.

மார்த்தாண்டத்திலிருந்து, நோயெதிர்ப்பியல் ஆசிரியை:

மேற்சுட்டு எனக்குச் சம்மதம். சராசரி என்ற சொல்லுக்காகவே உங்கள் நீளமான பெயரையும் ஏற்கிறேன். சில கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் பெறும், பல ஒன்றிரண்டோடு நிற்கும். அப்படிச் சாய்ந்த பரவலுக்குச் சராசரி எடுத்து, அதை ஒவ்வொரு கட்டுரையின் நெற்றியிலும் ஒட்டுவதுதான் நடக்கிறது. 2012-இல் சான்பிரான்சிஸ்கோவில் உருவான ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனம் இதைத்தான் கூடாது என்றது.

பிள்ளைகளுக்கு ஓர் எடுத்துக்காட்டும் சேருங்கள். சிமோன் சகாகுச்சி, நோயெதிர்ப்பை அடக்கும் டி செல் என ஒன்று உண்டு என்பதை 1995-இல் ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜியில் வெளியிட்டார்; துறைச் சங்கத்தின் இதழ் அது. அடக்கும் செல் என்ற கருத்தையே அப்போது பலர் நம்பவில்லை. 2001-இல் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் பங்குகொண்ட குழு அதற்குப் பின்னாலிருக்கும் மரபணுவைக் கண்டது. மூவருக்கும் 2025-இல் நோபல். 1995-க்கும் 2025-க்கும் நடுவில் 30 ஆண்டு, ஈராண்டுச் சராசரியோ 1997-ஓடு அந்தக் கட்டுரையைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டது.

தக்கலையிலிருந்து, பத்திரிகையாளர்:

மேற்சுட்டுக்கு என் ஓட்டும். ஒரே ஒரு வேண்டுகோள்: தாக்கக் காரணி என்றுதான் இன்று இணையத்தில் தேடுவார்கள். முதல் தடவை ‘தாக்கக் காரணி எனப்படும் ஈராண்டு மேற்சுட்டுச் சராசரி’ என்று போட்டு, பிறகு புதுப்பெயரை மட்டும் எழுதலாம். பின்னிணைப்பில் பழைய சொல்லிலிருந்து புதியதுக்கு வழிகாட்டும் வரியும் வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து, நூலகர்:

அப்படியே செய்கிறேன். ‘மேற்கோள்’ என்று இருந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்றுவேன், மொத்தமாகத் தேடி மாற்றினால் ‘மேற்கோள்குறி’ மேற்சுட்டுக்குறி ஆகிவிடும். அந்த ஒரு இடத்தில் பழைய சொல்லே இருக்கட்டும்.