ஆர்டரை எதில் எழுதி வைக்கிறீர்கள், செயலியிலா நோட்டிலா? நடந்ததைச் சொல்லுங்கள்

ஆரி ஊசி (திருச்சி):

வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் போட்டு வேலை செய்பவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. புது ஆர்டர், பணம் பாக்கி, முடிந்தது என்று என்னிடமும் வண்ண வண்ணமாக இருந்தது. ஆரி வேலைப்பாட்டுக்குக் கல்யாண ரவிக்கை ஒன்று வந்தது. பெண்ணின் அம்மா படம் அனுப்பினார், குரல் பதிவு அனுப்பினார், முன்பணமும் போட்டார். முகூர்த்தம் தள்ளியிருந்ததால், முன்னால் வந்த வேலைகளை முடித்துவிட்டு அவருடைய உரையாடலைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. செய்திகள் ஏழு நாளில் மறையும்படி அவர் வைத்திருக்கிறார் என்ற அறிவிப்பு மட்டும் நடுவில் பொடி எழுத்தில் நின்றது. செயலி மீது குற்றம் இல்லை. அவர் மகன் ஏதோ மாற்றிக் கொடுத்தானாம்.

தொலைபேசியில் கூப்பிட்டு, "கையில் யானைதானே கேட்டீர்கள் அம்மா?" என்றேன். "யானையா? அன்னம் என்று படமே அனுப்பினேனே, அதை நீங்கள் அழித்துவிட்டீர்களா?" என்றார். பின்னாலிருந்து பெண்ணின் குரல்: "மயில், அம்மா! மயில்!"

அளவுகள் நோட்டில் பத்திரமாக இருந்தன. முன்பணம் வங்கிக் கணக்கில் இருந்தது. போனது வடிவம் மட்டும்தான். ஆனால் அந்த "அழித்துவிட்டீர்களா" என்ற கேள்வி இன்னும் எரிச்சலாக இருக்கிறது. நீங்களெல்லாம் மாதிரிப் படத்தை எங்கே வைக்கிறீர்கள்?

பொடி இடிக்கும் மருமகள் (கும்பகோணம்):

என் கதை படம் பற்றியதல்ல, விரல் பற்றியது. சென்னையில் கணினி வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் விடுமுறைக்கு வந்தபோது, அட்டைகளை இடமிருந்து வலம் நகர்த்தும் ஒரு செயலியை என் கைபேசியில் போட்டுக் கொடுத்தான். வந்தவை, வறுப்பவை, அரைத்தவை, அனுப்பியவை என்று நான்கு பத்தி. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

தீபாவளிக்கு முந்தைய வாரம். வாணலியில் மிளகாய், வீடு முழுக்க நெடி, கூரியர்ப் பையன் வாசலில் நின்று தும்முகிறான். பெட்டி கட்டியாகிவிட்டது, முகவரி கைபேசிக்குள் இருக்கிறது. மிளகாய் எண்ணெய் பட்ட விரலைக் கைபேசி என் விரல் என்றே ஏற்கவில்லை. கழுவித் துடைத்துவிட்டு வைத்தேன், அப்போதும் ஏற்கவில்லை. கடவு எண்ணை அழுத்தினால் ஈரத்தில் வேறு எண் விழுகிறது. பையன், "அக்கா, வண்டி போய்விடும்" என்கிறான். மாமியார் எழுந்து போய், கிழித்த தினசரி காலண்டர் தாள்களின் கட்டை எடுத்து வந்தார். ஒவ்வொரு தாளின் பின்னாலும் ஒரு பெயர், முகவரி, எத்தனை கிலோ, காரம் கூடவா குறைவா. நான் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை!

இப்போது சமையலறைச் சுவரில் நான்கு கம்பிக் கொக்கிகள் இருக்கின்றன. சீட்டு ஒரு கொக்கியிலிருந்து அடுத்த கொக்கிக்குப் போகும். அண்ணன் மகனிடம் சொல்லவில்லை, மனம் கோணுவான்.

பேரேடு (ஈரோடு):

கும்பகோணம் சகோதரி கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கொக்கி முறை ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர் 1950களில் வளர்த்தெடுத்ததுதான். அங்கேயும் முதலில் காகித அட்டைதான், செயலி பிறகு வந்தது. ஆனால் நீங்கள் பாதியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அட்டை நகர்வது மட்டும் அந்த முறை அல்ல. எத்தனை அட்டை சுற்றலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அட்டை திரும்பி வராமல் அடுத்ததைச் செய்யக் கூடாது. உங்கள் வறுக்கும் கொக்கியில் எத்தனை சீட்டு வரை தொங்கலாம்? வரம்பு இல்லையென்றால் அது வெறும் கொக்கி.

என் அனுபவம் சிறியது. நான் வீட்டிலிருந்தபடி சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஜிஎஸ்டிஆர்-3பி என்ற வரி அறிக்கையை மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு 20-ஆம் தேதி கடைசி. வீட்டில் நைட்டி தைத்து விற்கும் ஒருவர் 19-ஆம் தேதி மாலை ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே துணி வாங்கிய பில்கள், எல்லாம் இயந்திரத்தில் சூட்டால் அச்சாகும் வழுவழுப்புத் தாள். ஒன்றை எடுத்து விரித்தேன், வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. குழல் விளக்கின் அடியில் சாய்த்துப் பிடித்தால் ஒரு '7' மட்டும் தெரிகிறது. அவர் பதறாமல், "வாங்கும்போது எல்லா எண்ணும் இருந்தது சார்" என்றார்.

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன். அந்தத் தாளில் வரும் பில்லை வாங்கிய அன்றே படம் எடுங்கள் அல்லது நகல் எடுங்கள். வெயில் படும் இடத்திலும் பிளாஸ்டிக் உறையிலும் வைத்தால் எழுத்து இன்னும் சீக்கிரம் போகும். நீங்கள் கொடுக்கும் பில்லுக்குத் தொடர் எண் போடுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு அந்த எண் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் ஒரு முறை வந்த எண் மறுபடி வரக் கூடாது. கணக்குப் புத்தகங்களை அந்த ஆண்டின் ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். சட்டத்தின் முன் காலண்டர் தாள் செல்லுமா என்று யோசியுங்கள். பொருள் விற்பவர்களுக்கு நம் மாநிலத்தில் பதிவு கட்டாயமாவது ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டும்போதுதான் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் கணக்கு வேறு, அதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. வீட்டுச் செலவுக்கு ஒரு வங்கிக் கணக்கு, தொழிலுக்கு ஒரு கணக்கு. ஒரே க்யூஆர் அட்டையில் பால் பாக்கியும் வருகிறது, பொடிப் பணமும் வருகிறது என்றால் எந்தச் செயலி வந்தும் பிரித்துக் கொடுக்காது. அன்றாடம் சிட்டை எழுதுங்கள், வாரம் ஒரு முறை பேரேட்டில் ஏற்றுங்கள். நம் தாத்தாக்கள் பிள்ளையார் சுழி போட்டுச் செய்ததுதான்.

ஆரி ஊசி (திருச்சி):

ஐயா, நான் கேட்டது யானைப் படத்தை எங்கே வைப்பது என்று.

வெண்ணெய்க் கிரீம் (கோவை):

ஈரோடு ஐயா சொல்வதைப் படித்ததும் என் கணவர், "பார், நான் சொன்னேன் அல்லவா" என்கிறார். அவர் பேசவே கூடாது. இருவரும் சேர்ந்து திறக்கும் ஒரு ஷீட்டில் கேக் ஆர்டர்கள் இருந்தன: பெயர், முட்டை உண்டா, மேலே என்ன எழுத வேண்டும். பெயர்களை அகர வரிசையில் பார்த்தால் வசதி என்று ஒரு மாலை அவர் பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டார். பெயர்கள் நகர்ந்தன, மற்றதெல்லாம் அப்படியே நின்றது.

சாய்பாபா காலனியில் ஒரு வீடு. குழந்தைக்கு முதல் பிறந்தநாள். எல்லோரும் கைத்தட்டத் தயாராக நிற்க, பெட்டியைத் திறக்கிறார்கள். "80 வயது காணும் எங்கள் தாத்தாவுக்கு." காணொளி எனக்கு வந்து சேர்ந்தது. கூட்டத்தில் யாரோ, "அதற்குள்ளா?" என்று கேட்பது தெளிவாகக் கேட்கிறது.

எண்பதாம் கல்யாணத்து வீட்டுக்குக் கரடி பொம்மை கேக் போயிருந்தது. அவர்கள் சிரித்துக்கொண்டே வெட்டிவிட்டார்கள், நல்லவர்கள். பழைய பதிப்புகளைப் பார்க்கும் வசதி ஷீட்டில் இருப்பதால், எத்தனை மணிக்கு யார் மாற்றியது என்பது பெயரோடு வந்தது. அந்த ஆதாரத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

முறுக்கு உழக்கு (சிங்கப்பூர்):

ஷீட், கொக்கி எல்லாம் எழுதி வாங்க முடிந்தவர்களுக்கு. எங்கள் அடுக்குமாடி அத்தைகளை என்ன செய்வது? வீவக, அதாவது அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் தொழில் செய்தால் வாசலில் பெயர்ப்பலகை, விளம்பரம் எதுவும் வைக்கக் கூடாது. அதனால் முழு வியாபாரமும் வாய்வழிதான். வாய்வழி வந்தவர்கள் வாய்வழியே ஆர்டரும் கொடுக்கிறார்கள்.

தீபாவளிக்கு இணையப் படிவம் போட்டேன். கடைசித் தேதி, அளவு, எடுத்துக்கொள்ளும் நேரம், எல்லாம் இருந்தது. மின்தூக்கியில் நான்காம் மாடி அத்தை ஏறினார். "முறுக்கு உண்டுதானே?" "உண்டு அத்தை, இணைப்பு அனுப்பினேனே, நிரப்புங்கள்." "எனக்கு எதற்கு அதெல்லாம்? போன வருடம் போலத்தான்." கதவு திறந்தது, போய்விட்டார். போன வருடம் எவ்வளவு வாங்கினார்? அவருக்கும் தெரியாது. படிவத்தில் அவர் இல்லை, ஆனால் அவருக்குக் கொடுக்காமல் அந்தக் கட்டடத்தில் நான் எப்படிக் குடியிருப்பது?

அத்தைகளுக்காக நானே படிவத்தை நிரப்பத் தொடங்கினேன். ஒரு நாள் அத்தை கைபேசியை நீட்டி, "உன் பெயரில் எனக்கு ஏதோ வந்திருக்கிறது, ஏமாற்று வேலை என்று அழித்துவிட்டேன்" என்றார். ஆர்டர் உறுதியான செய்தி அது.

அளவு நாடா (மதுரை):

திருச்சி சகோதரிக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மறையும் செய்தியை அழுத்திப் பிடித்தால் வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, 2023-இல் வந்தது. ஆனால் அனுப்பியவர் வேண்டாம் என்றால் அதுவும் போய்விடும். எனவே அதை நம்ப வேண்டாம். நீங்கள் எப்படியும் டிரேஸ் பேப்பரில் வடிவம் வரைந்து, ஊசியால் குத்தி, மண்ணெண்ணெயில் குழைத்த பவுடரைத் தேய்த்துத்தானே துணியில் இறக்குகிறீர்கள்? தைக்கும் வாரம் வரை காத்திருக்காமல், முன்பணம் வந்த அன்றே கைப்பகுதியை மட்டும் வரைந்து, அதிலேயே பெயரும் தேதியும் போட்டு, அவர்களிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள். யானையா மயிலா என்று பிறகு யாரும் பேச முடியாது.

நான் இன்னும் பில் புத்தகத்தின் அடிக்கட்டையில் துணியின் ஓரத்தை வெட்டி ஸ்டேப்ளர் பின் அடித்து வைப்பவன். வாடிக்கையாளர் ஒருவர் வந்து, "இது என் துணி இல்லை, என்னுடையது பட்டு, இதைப் பார்த்தால் கலப்பு போல் இருக்கிறது" என்று கடை வாசலில், அதாவது எங்கள் வீட்டு வாசலில், தெருவே பார்க்கக் கத்தினார். நான் பேசவில்லை. அடிக்கட்டையைப் புரட்டினேன். அவருடைய எண்ணுக்கு நேரே அந்தத் துண்டு, அதே நிறம், அதே நெசவு, பின் துருப்பிடித்திருந்தது. அவர் மனைவி துண்டைத் தடவிப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்து, "பட்டு என்று சொல்லித்தானே எனக்கு வாங்கிக் கொடுத்தீர்கள்?" என்றார்.

அதற்கு மேல் அங்கே நான் நிற்கவில்லை, உள்ளே போய்விட்டேன்.

பொடி இடிக்கும் மருமகள் (கும்பகோணம்):

ஈரோடு ஐயாவுக்கு: வரம்பு உண்டு. வாணலி ஒன்றுதான். காலண்டர் தாள் செல்லுமா என்று கேட்டீர்களே, அதற்கும் சொல்கிறேன். எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி பொட்டலத்தில் பதிவு எண்ணோடு தொகுதி (பேட்ச்) எண்ணும் போட வேண்டும், போடுகிறேன். எந்தத் தொகுதியில் என்ன போட்டது என்பதையும் மாமியார்தான் அதே தாள்களில் எழுதுகிறார்.

போன மாதம் ஒருவர் தொகுதி எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார். தொகுதி எண்ணோடு பேசுகிறார் என்றால் வண்டு கிடந்ததோ, கல் கிடந்ததோ என்று வயிறு கலங்கியது. அவர் கேட்டது வேறு: "அந்த எண் போட்ட சாம்பார் பொடி மாதிரி பிறகு வரவே இல்லை அம்மா, அதையே மறுபடி கொடுங்கள்." கட்டைப் புரட்டினால் அந்தத் தொகுதிச் சீட்டில் மாமியார் எழுத்தில் "மி. உருண்டை" என்று இருக்கிறது. வழக்கமான நீள மிளகாய் அன்று கிடைக்காமல், உறவினர் ராமநாதபுரத்திலிருந்து கொண்டு வந்த முண்டு மிளகாயைப் போட்டு அரைத்திருக்கிறோம். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுதான்.

அந்த உறவினர் இப்போது அந்தப் பக்கம் போவதில்லை. ராமநாதபுரம் ஆட்கள் யாராவது இருந்தால், முண்டு மிளகாயை ஐந்து கிலோ, பத்து கிலோ என்று சில்லறையாகப் பார்சலில் அனுப்பும் விவசாயி யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். சந்தை விலையும் சொன்னால் நல்லது, அடுத்த வறுவலுக்கு முன் முடிவு செய்ய வேண்டும்.