டிடி-214-ல் எஸ்.டி., எம்.எஸ்., ஃப்ளீட் ரிசர்வ்: பிலிப்பினோ கடற்படைக்காரர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பைத் தமிழில் எழுதுவது எப்படி?

நெய்தல்வாசி:

வணக்கம். பிலிப்பினோ குடும்பத்தில் வாக்கப்பட்ட ஒரு தமிழ்ப் பெண்ணுக்காக, காலமான அவருடைய மாமனாரின் வாழ்க்கைக் குறிப்பைத் தமிழில் எழுதுகிறேன். ஊரிலுள்ள சம்பந்தி வீட்டார் படிப்பதற்காக. கையில் இருப்பது இரண்டு பக்க ஆங்கிலக் குறிப்பு, சீருடையில் ஒரு படம், மங்கிப்போன டிடி-214 (படையிலிருந்து வெளியே வரும்போது தரும் பணிச் சான்று) நகல்.

1964-ல் பிலிப்பைன்ஸின் கவிட்டே மாகாணத்தில், சாங்லி பாயின்ட்டில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்திருக்கிறார். 1984-ல் வெளியே வந்திருக்கிறார். அப்புறம் சான் டியேகோவை ஒட்டிய நேஷனல் சிட்டியில் வீடு, மனைவி, நான்கு பிள்ளைகள்.

பிலிப்பைன்ஸ் குடிமகன் அமெரிக்கக் கடற்படையில் எப்படிச் சேர முடிந்தது? தாளில் டி.என்., எஸ்.டி.2, எம்.எஸ்.சி. என்று எழுத்துகள் மாறிக்கொண்டே போகின்றன. 'எஸ்.டி.'யைச் சமையல்காரர் என்று எழுதினால் சரியா? கடைசியில் 'ஃப்ளீட் ரிசர்வுக்கு மாற்றம்' என்று இருக்கிறதே, அப்படியானால் அவர் ஓய்வு பெறவில்லையா?

மாலுமிமூலை:

முதல் கேள்விக்கு 1947-க்குப் போக வேண்டும். பிலிப்பைன்ஸ் 1946-ல் சுதந்திரம் பெற்றது. மறு ஆண்டு மார்ச்சில் கையெழுத்தான ராணுவத் தள ஒப்பந்தத்தின் 27-ஆம் பிரிவு, பிலிப்பைன்ஸ் குடிமக்களைத் தன் படையில் சேர்த்துக்கொள்ள அமெரிக்காவுக்கு இடம் கொடுத்தது. 1954-லிருந்து ஆண்டுக்கு 2,000 பேர் வரை எடுக்கலாம் என்று வரம்பு உயர்ந்தது. அங்கிருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான சுபிக் 1992 நவம்பரில் மூடப்பட்டதோடு அந்த வாசல் அடைந்தது. அதற்கும் முன்பு, 1901-லேயே, 500 பிலிப்பினோக்களை எடுக்க அமெரிக்க அதிபர் மெக்கின்லி உத்தரவு போட்டிருந்தார்.

'எஸ்.டி.'க்குச் சமையல்காரர் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த இரண்டு எழுத்தில்தான் அவருடைய முதல் பத்து வருஷமும் இருக்கிறது. எஸ்.டி. என்றால் ஸ்டூவர்ட், அதாவது அதிகாரிகளின் பரிசாரகர். வார்டுரூம் என்ற அதிகாரிகளின் சாப்பாட்டு அறையில் மேசை விரிப்பது, சமைப்பது, பரிமாறுவது, தட்டெடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. அதோடு நிற்காது. அதிகாரிகளின் அறையைக் கூட்டுவது, படுக்கை போடுவது, துணிமணி, காலணி பார்ப்பது வரை போகும். மாலுமிகள் அத்தனை பேருக்கும் பெரிய அடுப்பில் சமைத்தது வேறொரு பிரிவு. அதன் பெயர் கமிஸரிமேன். இந்த இரண்டையும் ஒன்றாக எழுதினால் குறிப்பே தப்பாகிவிடும்.

சேரும்போது டி.ஆர்., பிறகு டி.ஏ., டி.என். இவை கீழ்ப்படிகள். பிறகு எஸ்.டி.3, எஸ்.டி.2, எஸ்.டி.1. எண் குறையக் குறையப் பதவி உயர்கிறது. அதற்கு மேல் எஸ்.டி.சி., அதாவது சீஃப் பெட்டி ஆபீசர், சுருக்கமாக சீஃப். 1975 ஜனவரி 1 அன்று ஸ்டூவர்ட்டையும் கமிஸரிமேனையும் இணைத்து எம்.எஸ்., அதாவது மெஸ் மேனேஜ்மென்ட் ஸ்பெஷலிஸ்ட் என்று ஒரே பிரிவாக்கினார்கள். அவர் வேலை மாறியதால் எழுத்து மாறவில்லை. பிரிவின் பெயர் மாறியது. எம்.எஸ்.சி. என்றால் அந்தப் புதிய பிரிவில் சீஃப்.

அந்த இணைப்பை ஒரு வரியில் தாண்டிப் போய்விடாதீர்கள். முதல் உலகப்போருக்கு முன்பு பிலிப்பினோக்கள் கொதிகலன் அறையிலும் இருந்தார்கள். 1915-ல் 'சான் டியேகோ' கப்பலில் கொதிகலன் வெடித்தபோது சகமாலுமிகளைக் காப்பாற்றி அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் வாங்கிய டெலஸ்ஃபோரோ டிரினிடாட் ஒரு ஃபயர்மேன், அதாவது கொதிகலன் அறை மாலுமி. அந்தப் போருக்குப் பிறகுதான் அவர்களைச் சாப்பாட்டு அறையோடு நிறுத்திவிட்டார்கள். மற்ற பிரிவுகள் திறந்தது 1970-களின் தொடக்கத்தில். 1964-ல் கையெழுத்துப் போட்டவர் ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தாலும் கிடைத்தது தட்டுதான். பரிசாரகராக நுழைந்து சீஃப் ஆனது சாதாரண ஏற்றம் இல்லை. அதைக் குறிப்பில் அழுத்தமாகவே எழுதுங்கள்.

பட்டைக்கணக்கு:

ஃப்ளீட் ரிசர்வ் பற்றி. அவர் ஓய்வு பெற்றவர்தான். கடற்படையில் அதிகாரியல்லாதவர் 20 வருஷம் முடித்து வெளியே வந்தால், 30 வருஷம் ஆகும்வரை அவர் பெயர் ஃப்ளீட் ரிசர்வ் பட்டியலில் இருக்கும். அப்போது வரும் பணத்துக்கு ரிடெய்னர் பே என்று பெயர். 30 நிறைந்ததும் ஓய்வுபெற்றோர் பட்டியலுக்கு மாறும். இவருக்கு அது 1994. மாதாமாதம் வரும் பணம் ஒன்றுதான். வருஷத்துக்கு இரண்டரை சதவீதக் கணக்கில் 20 வருஷத்துக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி. 'ரிசர்வ் படையில் பணியாற்றினார்' என்று எழுதினால் பகுதிநேரப் படைக்காரர் என்ற பொருள் வந்துவிடும். '20 ஆண்டு முழுநேரப் பணிக்குப் பின் ஓய்வு' என்று எழுதுங்கள்.

'பெட்டி ஆபீசர்' என்பதையும் 'சிறு அதிகாரி' ஆக்க வேண்டாம். அவர்கள் அதிகாரி வகுப்பு அல்ல. ஒலிபெயர்ப்பாகவே விடுங்கள்.

படத்தில் இடது கையைப் பாருங்கள். முழங்கைக்குக் கீழே சாய்வாகப் போகும் கோடு ஒவ்வொன்றும் நான்கு வருஷப் பணி. ஐந்து இருந்தால் 20 வருஷம் நெருங்கிய படம். இரண்டு இருந்தால் 1972-க்கும் 1976-க்கும் நடுவே. கோடு சிவப்பா, பொன்னிறமா என்றும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து விதிப்படி, 12 வருஷம் தொடர்ந்து நன்னடத்தையோடு இருந்தவருக்குத்தான் பொன்னிறம். மேற்கையில் கழுகுக்குக் கீழே மூன்று 'வி' வடிவப் பட்டை மட்டும் என்றால் முதல் வகுப்பு, அதாவது எஸ்.டி.1 அல்லது எம்.எஸ்.1. அவற்றின் மேல் வளைவு ஒன்று மூடியிருந்தால் சீஃப். கோட்டு, டை போட்டிருப்பதை மட்டும் பார்த்து சீஃப் என்று முடிவுகட்டாதீர்கள். 1970-களின் நடுவில் கீழ்ப்படியில் இருந்தவர்களுக்கும் அந்த உடைதான்.

நெய்தல்வாசி:

படத்தில் மூன்று கோடு, மூன்றும் பொன்னிறம், மேலே வளைவு இல்லை. இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் படம் 1976-க்குப் பிறகு, 1980-க்கு முன்பு எடுத்தது.

இன்னும் இரண்டு. கடற்படையில் சேர்ந்ததாலேயே அமெரிக்கக் குடியுரிமை வந்துவிட்டதா? ஆங்கிலக் குறிப்பு அப்படித்தான் சொல்கிறது. அவருடைய பெயரின் நடுவில் உள்ள சொல் அப்பா பெயரா?

கவிட்டேவழி:

குடியுரிமை அப்படித் தானாக வந்ததில்லை. தளம் அமெரிக்காவினுடையது, மண் பிலிப்பைன்ஸினுடையது. அங்கே கையெழுத்துப் போட்டதைச் சட்டம் அமெரிக்காவில் சேர்ந்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. வியட்நாம் போர்க்காலம் என்று குடியுரிமைச் சட்டம் கணக்கிடுவது 1961 பிப்ரவரி 28 முதல் 1978 அக்டோபர் 15 வரை. அதில் பணியாற்றியவர்களுக்குச் சலுகை இருந்தது. ஆனாலும் எந்த மண்ணில் சேர்ந்தார், நிரந்தரக் குடியிருப்பு இருந்ததா என்ற கேள்விகள் கூடவே வந்தன. வெளிநாட்டில் ஒப்பந்தப்படி சேர்ந்து, 1978 அக்டோபருக்குப் பிறகும் பணியிலிருந்து, மொத்தம் 12 வருஷம் முடித்தவர்களுக்கென்று 1991-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஆகவே குடியுரிமைச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள தேதியை எழுதுங்கள்.

குடும்பம் வந்த வரிசையும் அந்தத் தேதியில்தான் தொங்குகிறது. 1946 முதல் 1965-ன் குடியேற்றச் சட்டம் வரும்வரை, அமெரிக்காவில் குடியேற பிலிப்பைன்ஸ் முழுவதற்கும் ஆண்டு ஒதுக்கீடு 100 பேர். கடற்படை எத்தனை பெரிய வாசல் என்பது அதில் தெரியும். அவர் குடிமகன் ஆன பிறகு மனைவிக்கும் 21 வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கும் வரிசை கிடையாது. உடன்பிறந்தவர்களுக்கு உண்டு, பிலிப்பைன்ஸில் அது சுமார் இருபது வருஷம் வரை போகும். ஒரே வீட்டில் ஒரு தம்பி சீக்கிரம் வந்து இன்னொருவர் நரைத்த பிறகு வந்தால், மனஸ்தாபம் என்று ஊகிக்காதீர்கள். விண்ணப்பம் போட்ட வருஷத்தைப் பாருங்கள்.

பெயர்: நம் இனிஷியல் அப்பாவைக் காட்டும். அவர்களுடைய நடுப்பெயர் அம்மாவின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர். கல்யாணமான பெண்ணுக்கு, கன்னிப்பெயரிலிருந்த குடும்பப்பெயர் நடுவுக்கு நகரும். 'டி லா', 'டெலோஸ்' என்று தொடங்கும் பெயர்களை அமெரிக்க அலுவலகங்களில் ஒருவர் 'டி'யில் அடுக்குவார், இன்னொருவர் அடுத்த சொல்லில் அடுக்குவார். தேடும்போது இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

ஞானஸ்நானப் படங்கள் இருந்தால் நினோங், நினாங், அதாவது ஞானத்தந்தை, ஞானத்தாய் யார் என்று கேளுங்கள். கப்பல் தோழர்களே அந்த இடத்தில் இருப்பது வழக்கம். குறிப்பில் 'மாமா' என்று வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படி உறவானவர்களாக இருக்கலாம்.

மாலுமிமூலை:

நகல் மங்கியிருக்கிறது என்றீர்களே, புதிதாகவே வாங்கலாம். செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்.எஃப்-180 படிவம், அல்லது இணையம் வழியே விண்ணப்பம். காலமானவருக்கு மறுமணம் செய்யாத மனைவி, மகன், மகள், பெற்றோர், உடன்பிறந்தவர் மட்டும் கேட்கலாம். மருமகள் கையெழுத்து செல்லாது. கணவரைப் போடச் சொல்லுங்கள். இறப்புச் சான்று இணைக்க வேண்டும். டிடி-214-க்குக் கட்டணம் இல்லை.

விண்ணப்பம் திரும்பி வருவதற்கு வழக்கமான காரணம் அதில் எழுதும் எண். கடற்படை 1972 ஜனவரி 1-ல்தான் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு மாறியது. அதற்கு முன் தனிப் பணி எண். 1964-ல் சேர்ந்தவருக்கு இரண்டும் இருக்கும், இரண்டையும் எழுதுங்கள். '1973 தீவிபத்தில் எல்லாம் எரிந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். எரிந்தவை தரைப்படை, விமானப்படைக் கோப்புகள். கடற்படைக் கோப்புகள் தப்பின.

கோப்பு வந்ததும் வியட்நாம் கடற்கரையோரம் போன கப்பல்களின் பெயரைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். 2020 ஜனவரி முதல் நடப்பிலுள்ள சட்டம், கரையிலிருந்து 12 கடல் மைல் வரை பணியாற்றியவர்களும் ஏஜென்ட் ஆரஞ்சுக்கு, அதாவது வியட்நாம் போரில் அமெரிக்கப் படை தெளித்த நச்சுக் களைக்கொல்லிக்கு, உட்பட்டவர்களே என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், அடைப்பால் வரும் இதயநோய், பார்க்கின்சன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இறப்புக்குக் காரணம் அவற்றில் ஒன்று என்றால், அவருடைய மனைவி 21பி-534இஇஸட் படிவம் போட்டு மாத உதவி கேட்கலாம். கணவருடைய ஓய்வூதியம் வேறு கணக்கு. ஓய்வு பெறும்போது அவர் எஸ்.பி.பி. என்ற குடும்ப ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்திருந்தால்தான் அதில் ஒரு பங்கு மனைவிக்கு வரும். இறந்த பிறகு வங்கியில் விழுந்த தொகையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அதனால் அதைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.