கவர்னர் சோதனையும் யாழ்ப்பாணத்து வெக்கையும்: உங்கள் அனுபவம் என்ன?

கோண்டாவிலான்:
லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னலில், செயலியின் வேகத்தை ஏற்றி இறக்கும் கவர்னர் என்ற பகுதியைத் திருத்திச் சோதித்தவர்கள் அனுபவத்தை எழுதும்படி தம்பி ஒருவர் கேட்டிருந்தார். என்னுடையதைச் சொல்கிறேன்.

நான் கை வைத்தது ஷெட்யூட்டில் என்ற கவர்னரில். 2016இல் 4.7 கேர்னலோடு வந்தது. எந்தப் பணி எப்போது ஓடுவது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் கையில் வைத்திருக்கும் சுமைக் கணக்கையே எடுத்து வேகத்தை முடிவு செய்யும். பழைய ஆன்டிமாண்ட் கவர்னர் போல இடைவெளி விட்டு எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு வேக மாற்றத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் எவ்வளவு பொறுப்பது என்பதற்கு அதில் ஓர் அளவு உண்டு. அதைக் குறைத்துப் பார்த்தேன். ஓட்டியது, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளின் சோதனைத் தொகுப்பு. குறுகிய பணிகள் ஏராளமாகப் பிறந்து மடியும். கவர்னர் சோம்பேறியா என்பது அதில் உடனே தெரிந்துவிடும்.

விடியற்காலையில் திருத்தம் வென்றது. சித்திரை வெயிலில், மத்தியானம், அதே திருத்தம் பழைய கேர்னலைவிடப் பின்தங்கியது. கேர்னல் தன் நிலவரத்தைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில், தெர்மல் த்ராட்டில் என்ற அடைவுக்குள், செயலியின் ஒவ்வொரு கோருக்கும் சூட்டால் வேகம் குறைந்த தடவைகளைக் கணக்கிடும் ஓர் எண்ணி இருக்கிறது. காலையில் அசையாமல் நின்ற அந்த எண், மத்தியானம் பார்க்கப் பார்க்க ஏறியது. சூடு எல்லையைத் தொட்டால் வன்பொருள் தானே வேகத்தைக் கீழே இழுத்துவிடும். கவர்னர் கேட்பது அதன் காதில் ஏறாது. இப்போதெல்லாம் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எண்ணியைக் குறிக்கிறேன். ஏறியிருந்தால் அந்த முடிவு குப்பைக்கு. டர்போஸ்டாட் என்ற கருவி காட்டும் உண்மையான மெகாஹெர்ட்ஸையும் வாட் அளவையும் பக்கத்தில் எழுதுகிறேன். மின்விசிறியை மடிக்கணினிப் பக்கம் திருப்பினால் போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். திருப்பலாம், மின்சாரம் நிற்காமல் இருந்தால்.

சுன்னாகத்து வாசகன்:
அண்ணா, என் கதை வேறு. பழைய மடிக்கணினி, மின்கலம் செத்துப்போனது. அதைக் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டினேன். எந்தக் கவர்னரைப் போட்டாலும் ஆகக் குறைந்த வேகத்தைவிட்டு நகரவில்லை. திருத்தம் இல்லாத கேர்னலைப் போட்டேன், அதுவும் அப்படியே. கடைசியில், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் விதித்த வேக உச்சத்தைக் காட்டும் பயாஸ் லிமிட் என்ற கோப்பைத் திறந்தால் விடை அங்கே இருந்தது. மின்கலம் இல்லாவிட்டால், அடாப்டர் தனியே உச்சச் சுமையைத் தாங்காது என்று சில மடிக்கணினிகளின் பயாஸ் வேகத்தைப் பூட்டிவிடுகிறது. இரவல் மின்கலம் ஒன்றைப் போட்டதும் மளமளவென்று ஏறியது. பழைய மடிக்கணினியில் சோதிப்பவர்கள் இந்தக் கோப்பை முதலில் பார்த்துவிடுங்கள். எனக்கு ஒரு முழுப் பின்னேரம் போனது.

திருநெல்வேலி மாணவி:
நான் மெய்நிகர் கணினிக்குள், அதாவது மென்பொருளால் கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினிக்குள், சோதிக்கப் பார்த்தேன், வேகக் கட்டுப்பாட்டு அடைவே அங்கே இல்லை. சரியென்று நேரடியாக மடிக்கணினியில் ஏற்றினால் கவர்னர் பட்டியலில் பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ் இரண்டு மட்டும்தான் வருகின்றன. ஷெட்யூட்டிலைக் காணவில்லை. இன்டெல் செயலிதான் அண்ணா.

கோண்டாவிலான்:
தங்கச்சி, விருந்தாளியான மெய்நிகர் கணினிக்கு அந்த அதிகாரத்தைப் பெரும்பாலும் கொடுப்பதில்லை, அதை விடுங்கள். இரண்டாவது, இன்டெல் செயலிகளின் வேகத்தைக் கையாளும் இன்டெல் பிஸ்டேட் டிரைவரின் வேலை. ஆக்டிவ் நிலையில் அது வேகத்தைத் தானே முடிவு செய்யும், பொதுக் கவர்னர்களை உள்ளே விடாது. அங்கே பவர்சேவ் என்பதும் ஆகக் குறைந்த வேகத்தில் பூட்டுவதில்லை, சுமைக்கேற்ப ஏறி இறங்கும். அதை அடிப்படையாக வைத்து ஒப்பிட்டுவிடாதீர்கள். கேர்னல் தொடங்கும்போது அதற்குக் கொடுக்கும் பூட் வரியில் இன்டெல் பிஸ்டேட்டுக்கு பாசிவ் என்று கொடுத்து மறுபடி தொடங்குங்கள், ஷெட்யூட்டில் பட்டியலில் வரும். வராவிட்டால் கேர்னல் அமைப்புக் கோப்பில் அது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.