தோள்பட்டை இறுக்கம்: வலியைப் பொறுத்துக்கொண்டு பயிற்சி செய்ய வேண்டுமா?

கேள்வி

வணக்கம். எனக்கு வயது 52. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. நான்கு மாதங்களுக்கு முன்பு இடது தோளில் இலேசாகத் தொடங்கிய வலி, இப்போது கையைத் தலைக்கு மேல் தூக்கவோ முதுகுப் பக்கம் கொண்டுபோகவோ முடியாத அளவுக்கு வந்துவிட்டது. இரவில் அந்தப் பக்கம் புரண்டாலே விழிப்புத் தட்டிவிடுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பில் குறை எதுவும் இல்லை, இது ஃப்ரோசன் ஷோல்டர்தான் என்று சொல்லி, மருத்துவர் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே அல்ட்ராசவுண்ட் (ஸ்கேன் அல்ல, ஒலியலைச் சிகிச்சை) வைத்த பிறகு கையைப் பிடித்து அழுத்தி மேலே தூக்குகிறார்கள். கண்ணில் நீர் வந்துவிடுகிறது. அன்றிரவு தூக்கம் கெடுகிறது. மறுநாள் மாலைவரை தோள் கடுக்கிறது. வலித்தால்தான் இறுக்கம் விடும் என்கிறார்கள். மூன்று வாரம் ஆகியும் கை ஓர் அங்குலம்கூடக் கூடுதலாக எழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வதா, நிறுத்திவிடுவதா?

பதில் 1

நான் பிசியோதெரபிஸ்ட். உங்கள் தோளை நேரில் பார்க்காததால் பொதுவாக மட்டுமே சொல்ல முடியும். தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறை முதலில் அழற்சி கண்டு, பிறகு தடித்துச் சுருங்குவதுதான் இந்த நோய். முதல் சில மாதங்கள் வலி மேலோங்கி நிற்கும். அடுத்து வலி தணிந்து இறுக்கம் மட்டும் நிலைக்கும். கடைசியில் அசைவு மெல்லத் திரும்பும். மூன்றும் சேர்ந்து ஓர் ஆண்டு முதல் மூன்று ஆண்டுவரை நீள்வது உண்டு. இரவு வலியை வைத்துப் பார்த்தால் நீங்கள் இன்னும் முதல் கட்டத்தில் இருப்பதாகவே தோன்றுகிறது. அழற்சியில் இருக்கும் உறையை இந்தக் கட்டத்தில் இழுத்தால் அது மேலும் கோபித்துக்கொள்ளுமே ஒழிய விட்டுக்கொடுக்காது.

நெதர்லாந்தில் 77 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், வலியின் எல்லைக்குள் நின்று பயிற்சி செய்தவர்கள், வலியைத் தாண்டி நீட்டப்பட்டவர்களைக் காட்டிலும் இரண்டு ஆண்டு முடிவில் நல்ல நிலையில் இருந்தார்கள். ஆகவே நிறுத்த வேண்டியது முரட்டுத்தனத்தை, சிகிச்சையை அல்ல. மூட்டுக்குள் சிறு அளவில் ஆட்டிவிடும் மென்மையான அசைவுகளும், ஊசல் பயிற்சியும் இப்போதைக்குப் போதும். ஊசல் பயிற்சிக்கு, வலது கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, இடது கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உடம்பை அசைத்து அந்த அசைவில் கை ஆடும்படி விட வேண்டும். பலர் தோள் தசையை இறுக்கிக்கொண்டு கையைத்தான் சுழற்றுகிறார்கள். அதில் பயன் இல்லை. அதோடு, மல்லாந்து படுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, இரு கைகளாலும் ஒரு கோலைப் பிடித்து, நல்ல கையால் மற்றதை மெதுவாக வெளிப்பக்கம் தள்ளுங்கள். இந்த வெளித்திருப்பம்தான் பெரும்பாலும் முதலில் போகிறது.

பயிற்சிக்குப் பின் எழும் வலி அரை மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கினால் அளவு சரி. மறுநாள்வரை நின்றால் அளவு மிகுதி. கையை நன்றாக அழுத்தி நீட்டும் காலம் பிறகு வரும், இரவு வலி ஓய்ந்த பின். அல்ட்ராசவுண்டைப் பொறுத்தவரை, அதனால் பெரிய பலன் கிடைப்பதற்குச் சான்று குறைவு. பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாலே தசை தளரும்.

பதில் 2

இரண்டு தோளிலும் அடுத்தடுத்து இதை அனுபவித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதல் தோளுக்குச் சுவரில் விரலால் ஏறும் பயிற்சியைச் செய்து, தினமும் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வந்தேன். கோடு ஏறிக்கொண்டே போனதில் மகிழ்ச்சியாக இருந்தது. பிசியோதெரபிஸ்ட் ஒருநாள் கண்ணாடி முன் நிற்க வைத்தபோதுதான் தெரிந்தது: மூட்டு அசையவில்லை, தோளையே காதுவரை தூக்கி உடம்பைச் சாய்த்து ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். கோட்டை ஒரு சாண் கீழிருந்து மறுபடி தொடங்கினேன். இரவில், படுத்தபடியே முழங்கைக்கும் விலாவுக்கும் இடையில் ஒரு சிறு தலையணையைச் செருகிக்கொண்டால் கை தொங்காது. எனக்கு அதுவே பாதி மருந்தாக இருந்தது. சட்டையைப் போடும்போது வலிக்கும் கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். முதல் தோள் சரியாக ஒன்றரை ஆண்டு பிடித்தது. இன்றும் முதுகுப் பக்கம் கொஞ்சம் குறைவுதான்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னார். சர்க்கரை ஏறிவிடுமோ என்ற பயத்தில் மறுத்துவிட்டேன். பிசியோதெரபி மட்டும் போதாதா?

பதில் 1 எழுதியவர்

உங்கள் பயத்தில் நியாயம் உண்டு; ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறவே செய்யும். ஆனால் அது தற்காலிகம். அந்த நாட்களில் அடிக்கடி அளந்து பார்த்து, மருந்தின் அளவை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். சர்க்கரை ஏற்கெனவே கட்டுக்கடங்காமல் இருந்தால் மட்டும் தள்ளிப்போடச் சொல்வார்கள். வலி மேலோங்கிய இந்தக் கட்டத்தில்தான் ஊசி நன்றாக வேலை செய்கிறது. என் அனுபவத்தில், ஊசி தரும் வலியற்ற சில வாரங்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொண்டவர்கள் முன்னே போய்விடுகிறார்கள்; வலி போனதென்று கையை மடியில் வைத்துக்கொண்டவர்களிடம் அந்தப் பலன் நிற்பதில்லை.

அறுவைச் சிகிச்சைவரை யாராவது அவசரப்படுத்தினால், பிரிட்டனில் 503 பேரிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வு உதவும். ஊசியோடு சேர்ந்த பிசியோதெரபி, மயக்கம் கொடுத்து மூட்டை அசைத்து விடுதல், நுண்துளை வழியே உறையை வெட்டி விடுதல் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டதில், ஓராண்டு முடிவில் எதுவும் மற்றவற்றைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேலாக இல்லை. பிசியோதெரபி பெற்றவர்களில் சிலருக்குப் பிறகு வேறு சிகிச்சையும் தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த முறை செல்லும்போது, முந்தைய சிகிச்சைக்குப் பின் வலி எத்தனை மணி நேரம் நின்றது என்பதைக் குறித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகும் அதே வேகத்தில்தான் தூக்குவேன் என்றால் வேறொருவரைத் தேடுவதில் தவறில்லை.