சிம்ப்டம் நெட்வொர்க்: ‘அறிகுறி வலையமைப்பு’ என்று எழுதலாமா?

பொருள்: சிம்ப்டம் நெட்வொர்க்குக்குத் தமிழ்ச் சொல்
அனுப்பியவர்: பாடநூல் மொழிபெயர்ப்பாளர்

அன்பர்களுக்கு வணக்கம்.

பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) பற்றிய பாடத்தில் நெட்வொர்க் அணுகுமுறைக்கு, அதாவது நோயின் சிம்ப்டங்களைப் புள்ளிகளாக வைத்து நடுவே கோடு வரைந்து பார்க்கும் முறைக்கு, ஒரு முழு இயல் உண்டு. நோயின் பெயருக்கு ஈழத்து வழக்கிலுள்ள ‘மனவடு நோய்’ என்பதை எடுத்துக்கொண்டேன். தமிழ்நாட்டில் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல் ஸ்ட்ரெஸுக்கும் டிப்ரெஷனுக்கும் ஓடுகிறது. இந்த இயலில் இரண்டையும் பிரித்துக் காட்டியே ஆகவேண்டும்.

இப்போது கையில் இருப்பவை: நெட்வொர்க் – வலையமைப்பு, நோட் – கணு, எட்ஜ் – விளிம்பு, சென்ட்ராலிட்டி – மையத்தன்மை, சிம்ப்டம் – அறிகுறி. கணிதப் பாடநூலிலிருந்து ‘விளிம்பை’ அப்படியே எடுத்தால், “உறக்கமின்மைக்கும் எரிச்சலுக்கும் நடுவிலுள்ள விளிம்பு தடித்தது” என்று வாக்கியம் அமைகிறது. படிப்பவர் மேசையின் ஓரத்தைத்தான் நினைப்பார். மாற்று வேண்டும்.

---

மறு: சிம்ப்டம் நெட்வொர்க்குக்குத் தமிழ்ச் சொல்
அனுப்பியவர்: மருத்துவ உளவியலாளர்

விளிம்பை விட எனக்கு உறுத்துவது ‘அறிகுறி’தான்.

அறிகுறி என்றால் எதையோ அறிவதற்கான குறி. புகை, அடுப்பு எரிவதற்கு அறிகுறி. மலேரியாவில் காய்ச்சல் அப்படிப்பட்டது: பின்னால் ஒட்டுண்ணி இருக்கிறது, அதைக் கொன்றால் காய்ச்சல் தணிகிறது. மனநோயையும் இதே வடிவில் பார்ப்பது பழைய மாதிரி. கண்ணுக்குத் தெரியாத ‘மனவடு’ என்ற ஒன்று உள்ளே இருக்கிறது, அதுதான் கெட்ட கனவையும் எரிச்சலையும் திடுக்கிடலையும் தனித்தனியே உண்டாக்குகிறது என்பது அதன் கருத்து.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் டென்னி போர்ஸ்பூமும் அவரோடு பணிசெய்தவர்களும் மறுத்தது இந்த வடிவத்தைத்தான். கெட்ட கனவு உறக்கத்தைக் கெடுக்கிறது. உறக்கம் கெட்டால் கவனம் சிதறுகிறது, எரிச்சல் வருகிறது. எரிச்சலால் உறவுகள் விலகுகின்றன. தனித்திருக்கையில் பழைய நினைவு மேலும் மேலும் வருகிறது. இந்தச் சுழற்சி தன்னைத் தானே தாங்கி நிற்கத் தொடங்கினால் அந்த நிலையே நோய். பின்னால் இருந்து இயக்கும் வேறொரு பொருள் தேவையில்லை. 2017இல் ‘வேர்ல்ட் சைக்கியாட்ரி’ இதழில் போர்ஸ்பூம் இதை ஒரு முழுக் கோட்பாடாகவே எழுதினார். கோட்பாடு “இவை எதற்கும் குறி அல்ல” என்கிறது. நாம் அதற்கு ‘அறிகுறி வலையமைப்பு’ என்று பெயர் வைத்தால், பெயரே கோட்பாட்டை மறுத்துவிடும்.

‘உபாதை’ ஆகாது, தமிழ்நாட்டில் ‘இயற்கை உபாதை’க்கு வேறு பொருள். ஈழத்து ‘குணங்குறி’யிலும் குறி நிற்கிறது. ‘நோய்க்கூறு’ என்பது என் பரிந்துரை. நோய் இவற்றால் ஆனது என்ற பொருளை அது நேரே தருகிறது.

---

மறு: சிம்ப்டம் நெட்வொர்க்குக்குத் தமிழ்ச் சொல்
அனுப்பியவர்: புள்ளியியல் ஆசிரியர்

> நடுவிலுள்ள விளிம்பு தடித்தது

எட்ஜுக்குச் சொல் தேடுமுன் அந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்பதை உறுதிசெய்துகொள்வோம். ‘தொடர்பு’ என்று எழுதினால் பிழை. பெரும்பாலான மனவடு வலைகளில் கோடு என்பது பகுதி ஒட்டுறவு (பார்ஷியல் கோரிலேஷன்; ஒட்டுறவு என்றால் இரண்டும் சேர்ந்து ஏறியிறங்கும் அளவு). அதாவது மற்ற எல்லாக் கணுக்களின் பங்கையும் கழித்த பின் இரண்டுக்கும் நடுவே எஞ்சுவது.

கணக்குக்காக நானே அமைத்த எண்கள்: கெட்ட கனவுக்கும் உறக்கமின்மைக்கும் ஒட்டுறவு 0.6. உறக்கமின்மைக்கும் எரிச்சலுக்கும் 0.5. கெட்ட கனவுக்கும் எரிச்சலுக்கும் 0.3. கடைசி இணையில் உறக்கமின்மையைக் கழித்தால், பகுதி ஒட்டுறவுப் பின்னத்தின் மேலெண் 0.3 − (0.6 × 0.5), அதாவது சுழியம். 0.3 அளவுக்குத் தொடர்பு இருக்கிறது, ஆனால் கோடு இல்லை. மற்ற இரண்டும் ஏறக்குறைய 0.54, 0.42 என்று நிற்கும். ‘தொடர்பு’ என்று மொழிபெயர்த்தால், “கெட்ட கனவுக்கும் எரிச்சலுக்கும் தொடர்பில்லை” என்ற பொய்யான வாக்கியத்தைப் பாடநூல் சொல்லும்.

இதற்கு எதிர்ப்பக்கமாக ‘தூண்டல்’, ‘விளைவு’ போன்ற சொற்களும் கூடாது. ஒரே நாளில் பலரிடம் வாங்கிய வினாத்தாளிலிருந்து வரையும் கோட்டுக்கு அம்புமுனை கிடையாது. எது எதைத் தூண்டியது என்பதை அது சொல்லாது. இன்னொன்று, அது ஆட்களுக்கிடையிலான வேறுபாட்டைக் காட்டுகிறது. ஒரே ஆளுக்குள் இன்றிரவு உறக்கம் கெட்டால் நாளை என்ன ஆகும் என்பதற்கு நாள்தோறும் பலமுறை எடுத்த பதிவுகள் வேண்டும்.

ஆக, நமக்கு வேண்டிய சொல் ‘தொடர்பை’ விட இறுக்கமாகவும் ‘காரணத்தை’ விடத் தளர்வாகவும் இருக்கவேண்டும்.

---

மறு: சிம்ப்டம் நெட்வொர்க்குக்குத் தமிழ்ச் சொல்
அனுப்பியவர்: சொல்லாய்வாளர்

ஐயா சொன்ன அளவுகோலுக்குப் ‘பிணைப்பு’ பொருந்தும். வேதியியலில் அணுக்களுக்கிடையே இருப்பதைப் பிணைப்பு என்றே பள்ளியில் படிக்கிறோம். அங்கும் எது எதை உண்டாக்கியது என்ற பேச்சில்லை. இறுக்கம் மட்டும் அளக்கப்படுகிறது. இணையத்தில் பழகிய ‘தொடுப்பு’ வேண்டாம், பேச்சுவழக்கில் அதற்குத் தகாத பொருள் உண்டு.

‘பிணி’ என்ற சொல்லையும் பாருங்கள். பிணித்தல் என்றால் கட்டுதல். நோய்க்குத் தமிழ் வைத்த பழைய பெயர்களில் ஒன்று கட்டு என்ற பொருளிலிருந்தே வருகிறது. கூறுகள் ஒன்றையொன்று கட்டிக்கொள்வதே நோய் என்னும் கோட்பாட்டுக்கு இதைவிட இயல்பான வேர்ச்சொல் கிடைப்பது அரிது. என்றாலும் நெட்வொர்க்கைப் ‘பிணையம்’ என்று ஆக்கவேண்டாம். நீதிமன்றத்துப் பிணை நினைவுக்கு வந்துவிடும். வலையமைப்பு என்பதைச் சுருக்கி ‘வலை’ போதும்.

ஒரு எச்சரிக்கை: டைரக்ட் என்ற பொருளில் ‘நேர்ப்பிணைப்பு’ என்று யாரும் எழுதிவிடக் கூடாது. நேர், எதிர் என்பவை பாசிட்டிவ், நெகட்டிவ் ஆகியவற்றுக்கு உரியவை. 0.54 என்றால் நேர்ப்பிணைப்பு, −0.2 என்றால் எதிர்ப்பிணைப்பு.

---

மறு: சிம்ப்டம் நெட்வொர்க்குக்குத் தமிழ்ச் சொல்
அனுப்பியவர்: மருத்துவ உளவியலாளர்

பிணைப்பு மிகச் சரி. அடுத்து ‘மையத்தன்மை’. நோயாளிக்குத் தீங்கு செய்யக்கூடிய சொல் இதுதான் என்பதால் இதில் சற்று நின்று பேசவேண்டும்.

“உறக்கமின்மைக்கு மையத்தன்மை அதிகம்” என்று படிக்கும் சிகிச்சையாளர், அதுதான் ஆணிவேர், அதை வெட்டினால் மற்றவை உதிரும் என்று எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்திலேயே இந்தத் தவறு நிறைய நடந்திருக்கிறது. உண்மையில் கணக்கிடப்படுவது என்ன? மையத்தன்மை அளவுகளில் ஒன்றான ‘ஸ்ட்ரெங்த்’ என்பது ஒரு கணுவைத் தொடும் பிணைப்புகளின் எண்களைக் கூட்டல், கழித்தல் குறி நீக்கிக் கூட்டிய தொகை. மேலே ஐயா தந்த எடுத்துக்காட்டில் உறக்கமின்மைக்கு 0.54 + 0.42 = 0.96. அவ்வளவே. பலவற்றால் தாக்கப்படுவதாலும் ஒரு கணுவுக்கு இந்தத் தொகை ஏறலாம்; அப்போது அதற்கு மருந்து கொடுப்பது ஆற்றின் கடைமடையில் அணை கட்டுவது போல.

எனவே ஸ்ட்ரெங்த்துக்குப் ‘பிணைவலு’. குறியோடு கூட்டும் ‘எக்ஸ்பெக்டட் இன்ஃப்ளுயன்ஸ்’க்கு ‘குறிசேர் பிணைவலு’. அதில் ‘தாக்கம்’ என்ற சொல் வரவே வேண்டாம். பிட்வீன்னெஸ், குளோஸ்னெஸ் ஆகிய மற்ற இரண்டு மையத்தன்மை அளவுகளும் மனிதர்களுக்கிடையிலான உறவு வலைகளுக்காக உருவானவை. செய்தி ஒன்று மிகக் குறுகிய வழியில் கைமாறிப் போவதாகக் கொண்டு அளப்பவை. அறிகுறிகளுக்கிடையே அப்படி எதுவும் கைமாறுவதில்லை. இந்தப் பாடத்தில் அவற்றுக்குச் சொல் ஆக்காமல் விட்டுவிடலாம் என்பேன்.

---

மறு: சிம்ப்டம் நெட்வொர்க்குக்குத் தமிழ்ச் சொல்
அனுப்பியவர்: புள்ளியியல் ஆசிரியர்

பிணைவலுவுக்கு என் முழு ஒப்புதல். அதோடு ‘நிலைப்பு’ என்ற சொல்லும் இயலில் வரவேண்டும். பாடம் எடுத்தாளும் ஆய்வைப் பாருங்கள்: 2008 மே 12இல் சீனாவின் வென்சுவான் நிலநடுக்கத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் 362 பேர், 17 வினாக்கள், ரிச்சர்ட் மெக்நாலி குழு 2015இல் வெளியிட்டது. 17 கணுக்களுக்கு 17 × 16 ÷ 2 = 136 பிணைப்புகள். அமெரிக்க மனநோய்க் கையேடான டி.எஸ்.எம்.-5இன் 20 கூறுகளுக்கு மாறினால் அதுவே 190. சில நூறு பேரை வைத்து இத்தனை எண்களை மதிப்பிடும்போது, எந்தக் கணுவுக்குப் பிணைவலு அதிகம் என்ற வரிசை எளிதில் ஆடும்.

அதனால்தான் ஆட்களைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பிணைவலு வரிசை எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கிறார்கள். அந்த நிலைப்புக் கெழு 0.25க்குக் கீழே போனால் வரிசையைப் பேசவே கூடாது, 0.5க்கு மேல் இருப்பது நல்லது. வலையை மதிப்பிடப் பயன்படும் லாசோ என்ற கணக்குமுறை சிறு பிணைப்புகளைச் சுழியமாக்கிவிடும் என்பதால், “கோடு இல்லை” என்பதை “பிணைப்பு இல்லையென நிறுவப்பட்டது” என்று மொழிபெயர்க்கக் கூடாது. ‘பிணைப்பு தென்படவில்லை’ என்பதே சரி.

ஆள் தேர்விலும் ஒரு பொறி உண்டு. மனவடு அறிகுறிகளை அளக்கும் பி.சி.எல்.-5 வினாத்தாளின் மொத்த மதிப்பெண் 0 முதல் 80 வரை. அதில் 33க்கு மேல் எடுத்தவர்களை மட்டும் வைத்து வலை வரைந்தால், ஒரு கூறு குறைவாக உள்ளவருக்கு இன்னொன்று கூடுதலாக இருந்தால்தான் அவர் உள்ளே வந்திருக்கவே முடியும். அதனால் பொய்யான எதிர்ப்பிணைப்புகள் தோன்றும், உண்மையான நேர்ப்பிணைப்புகள் மெலியும்.

---

மறு: சிம்ப்டம் நெட்வொர்க்குக்குத் தமிழ்ச் சொல்
அனுப்பியவர்: பாடநூல் மொழிபெயர்ப்பாளர்

எல்லோருக்கும் நன்றி. வலை, கணு, பிணைப்பு, பிணைவலு, நிலைப்பு ஆகியவற்றை ஏற்றுக்கொண்டேன். சிம்ப்டத்துக்கு ஒரு பாகுபாடு: வினாத்தாளையும் பழைய மாதிரியையும் பேசும் இடங்களில் ‘அறிகுறி’யே இருக்கும், மருத்துவமனையில் அதுதான் புழக்கம். வலைக்குள் கணுவாக வரும்போது ‘நோய்க்கூறு’. இயலின் தொடக்கத்தில் இந்த மாற்றத்துக்கான காரணத்தை ஒரு பத்தியில் எழுதிவிடுகிறேன். ‘ஃபிளாஷ்பேக்’குக்கு ‘மீள்நிகழ்வு’ போட்டிருக்கிறேன். திரைப்படத்தில் பிளாஷ்பேக் என்றால் யாரோ ஒருவர் அமைதியாகச் சொல்லும் முன்கதை. இங்கோ நடந்தது மறுபடி இப்போதே நடப்பதாக உடல் நம்புகிறது.

இரண்டு நோய்களின் கூறுகளை இணைக்கும் ‘பிரிட்ஜ் சிம்ப்டம்’ மட்டும் பாக்கி. ‘பாலக்கூறு’ என்று எழுதியிருக்கிறேன்.

---

மறு: சிம்ப்டம் நெட்வொர்க்குக்குத் தமிழ்ச் சொல்
அனுப்பியவர்: மருத்துவ உளவியலாளர்

பாலக்கூறு நன்று, ஆனால் எல்லா இடத்திலும் செல்லாது. மனவடு நோய்க்கும் மனச்சோர்வுக்கும் (டிப்ரெஷன்) சேர்த்து வரைந்த வலையில் உறக்கக் கோளாறு, கவனச்சிதறல், நாட்டமின்மை மூன்றும் இரண்டு நோய்ப் பட்டியலிலும் இருக்கும். இரண்டு வினாத்தாளிலிருந்தும் உறக்கத்தை எடுத்து இரண்டு கணுவாக வைத்தால், அவற்றின் நடுவே தடித்த பிணைப்பு வருவது ஒரே கேள்வியை இருமுறை கேட்டதால்தான். அதைப் பாலம் என்று சொல்லக் கூடாது. ‘பொதுக்கூறு’ என்று பெயரிட்டு, ஒரே கணுவாகச் சேர்த்துவிட வேண்டும். ஒரு நோயின் பட்டியலில் மட்டும் இருந்துகொண்டு மற்றதன் கூறுகளோடு பிணைந்திருப்பதையே பாலக்கூறு என்று எழுதுங்கள். இரண்டு சொற்களும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வந்தால் மாணவருக்கு வேறுபாடு விளங்கும்.