காட்டு வாசலில் நடந்தது: யார் உள்ளே, யார் வெளியே, காசு யாருக்கு?

கூடலூர்வாசி

முதுமலைக்குப் போய்வந்தவர்கள் அநேகமாக எல்லாரும் புலியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். புலி வந்தது, வரவில்லை, வந்தும் படம் சரியாக விழவில்லை. நான் கேட்பது வேறு. தேசியப் பூங்காவானாலும் புலிகள் காப்பகமானாலும், வாசலில் உங்களுக்கு என்ன நடந்தது? யாரை உள்ளே விட்டார்கள், யாரைத் திருப்பி அனுப்பினார்கள், காசு யார் கைக்குப் போனது? முதலில் என் பங்கு.

நான் பெண் எடுத்தது மசினகுடிப் பக்கம். மாமனார் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு தங்கும் விடுதி இருந்தது. அதன் பின்பக்கம் மின்வேலியை ஒட்டி, காட்டைப் பார்த்தபடி வரிசையாக சிமென்ட் இருக்கைகள். அவற்றுக்கு நேர் எதிரே, வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு தண்ணீர்த் தொட்டி. பக்கத்தில் மண்ணோடு பிசைந்து கொட்டிய கல்லுப்பு. பொழுது சாய்ந்தால் புள்ளிமான்கள் உப்பு நக்க வரும். விருந்தாளிகள் தேநீரோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். மான் வந்தால் சிறுத்தை வரும். சிறுத்தை வந்தால் அறை வாடகை ஏறும். மாமனாரின் ஆடுகளைச் சிறுத்தை தூக்கிப்போனது அந்த வருடம்தான். விடுதிக்காரரிடம் போய்ச் சொன்னதற்கு, "காட்டோரத்தில் ஆடு வளர்த்தால் அப்படித்தான்" என்றார். காட்டோரத்தில் விடுதி வைத்தால் எப்படி என்று மாமனார் கேட்கவில்லை. அவர் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை.

வெளியூர்க்காரர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தெற்கே நீலகிரி மலைச்சுவர், வடக்கே மாயாறு வெட்டிய பள்ளம். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற மேட்டுநிலம்தான் சீகூர். முதுமலை, பந்திப்பூர்ப் பக்கத்து யானைகள் சத்தியமங்கலம் காட்டுக்குப் போவதும் வருவதும் இதன் வழியாக. மலையும் ஏற முடியாது, பள்ளத்திலும் இறங்க முடியாது என்பதால் அவற்றுக்கு வேறு வழி கிடையாது. அந்த வழியில்தான் மசினகுடி, பொக்காபுரம், வாழைத்தோட்டம், மாவனல்லா என்று ஊர்களும், ஊர்களைச் சாக்காக வைத்து விடுதிகளும் வந்தன. 2010 ஆகஸ்டில் தமிழக அரசு இதை யானை வழித்தடமாக அறிவித்தது. 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. விடுதிக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2018 ஆகஸ்டில் விதிமீறிய விடுதிகளுக்கு 'சீல்' வைக்க உத்தரவு வந்தது. 2020 அக்டோபர் 14 அன்று, தலைமை நீதிபதி பாப்டே அமர்வு அரசின் அறிவிப்பை உறுதி செய்தது. நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி வெங்கட்ராமன் தலைமையில் ஒரு குழுவும் அமைந்தது. பத்து வருட வழக்கு.

அதற்குப் பிறகு, 2021 ஜனவரியில், மசினகுடியில் அனுமதியில்லாமல் நடந்த ஒரு தங்குமிடத்திலிருந்து யானை மீது எரியும் துணியை வீசினார்கள். டயர் என்றும் சொன்னார்கள். காதில் சிக்கி எரிந்துகொண்டே அது இருட்டில் ஓடிய வீடியோவை நாடே பார்த்தது. தெப்பக்காடு யானைகள் முகாமுக்கு லாரியில் கொண்டுபோகும் வழியில் யானை இறந்தது. மனைவிக்கு அந்த யானையைத் தெரியும். முதுகில் ஆறாத புண்ணோடு ஊர்ப்பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது. பலாப்பழமும் வாழைத்தாரும் வைத்து மருந்து கொடுக்கப் பார்த்தார்கள்.

இதே ஊர்க்காரர்கள் பொக்காபுரம் மாரியம்மன் திருவிழாவுக்குப் போனால் வனத்துறை நேரம் வைக்கிறது, பையைப் பிரித்துப் பார்க்கிறது. பிளாஸ்டிக்கைப் பிடுங்கட்டும், நியாயம்தான். கெடா வெட்டப் போகிறவனிடம் இருக்கிற கண்டிப்பு இத்தனை வருடம் உப்புக் கொட்டினவனிடம் எங்கே போயிற்று என்பதுதான் என் கேள்வி.


முப்பத்தாறாவது வளைவு

அண்ணா, நீங்கள் சொன்ன உப்பு உண்மை. அதை இல்லை என்று சொன்னால் கல்லட்டி மலைப்பாதையே சிரிக்கும். ஆனால் நான் மசினகுடியில் ஜீப் ஓட்டுகிறவன், அதனால் மறுபக்கத்தையும் எழுதுகிறேன்.

'சீல்' வைத்தபோது பெரிய விடுதி முதலாளிகளுக்கு டெல்லியில் வக்கீல் இருந்தார். கோவையிலோ பெங்களூருவிலோ வேறு தொழில் இருந்தது. வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டவருக்கு என்ன இருந்தது? அறையைப் பெருக்கின பெண்கள், சமையல்காரர், என்னைப் போன்ற ஓட்டுநர்கள், இவர்களில் பாதிப் பேர் இருளர், குறும்பர் குடும்பங்கள். அவர்கள் மேய்த்த இடம், தேன் எடுத்த இடம் எல்லாம் முன்பே காப்பகத்துக்குள் போய்விட்டது. மிச்சமிருந்தது சுற்றுலா வேலை. 2006 வன உரிமைச் சட்டம் காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. பட்டா கையில் வாங்குவதற்குள் தாத்தா போய்ப் பேரன் வந்துவிடுகிறான்.

இன்னொன்று, வணிகம் என்றால் தனியார் மட்டும்தானா? தெப்பக்காட்டில் வண்டி விட்டு டிக்கெட் விற்பது வனத்துறை. காப்பகத்துக்குள் இருக்கிற ஓய்வு விடுதிகளும் அவர்களுடையவை. பெரிய இடத்துச் சிபாரிசோடு வருகிற விருந்தாளிக்கு எந்த நேரத்தில் எந்தத் தடம் திறக்கும் என்று ஓட்டுநர்களுக்குத் தெரியும். 2012 ஜூலையில் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அக்டோபரில் புதிய வழிகாட்டு நெறிகளோடு விலக்கியது. மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்குக் கூடாது, உள்ளே புதிதாக எதுவும் கட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. அந்த மாதங்களில் எங்கள் தெருவில் வட்டிக்கு வாங்காத வீடு இல்லை.

இரவில் தேடுவிளக்குப் போட்டு ஓட்டச் சொல்கிற விடுதிகள் இருந்தன என்பதையும் மறைக்கவில்லை. கூடுதல் காசு கொடுப்பார்கள். ஒன்பது மணிக்கு மைசூர்ச் சாலையையே மூடி, காலை ஆறு வரைக்கும் ஆம்புலன்ஸைத் தவிர அநேகமாக எதையும் விடாத ஊரில், பக்கத்துப் புதர்க்காட்டில் வெளிச்சம் அடித்துக்கொண்டு போனால் சாலையை மூடி என்ன பயன்? காட்டெருமை வெளிச்சத்தில் கண் கூசி அப்படியே நிற்கும். அதைப் பார்த்துக் கைதட்டுவார்கள்.


சேலத்திலிருந்து

இடையில் ஒரு சந்தேகம். பள்ளி விடுமுறைக்குக் குழந்தைகளை முதுமலை கூட்டிப்போகலாம் என்றிருக்கிறோம். போன முறை தெப்பக்காட்டில் மதியம் வரை நின்றும் சவாரிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. வெளியே வந்ததும் ஒருவர், "ஜீப்பில் காட்டுக்குள்ளேயே கூட்டிப்போகிறேன்" என்றார். நாங்கள் ஏறவில்லை. ஏறியிருக்கலாமா?


மட்டக்களப்பு அடியார்

வணக்கம். எங்கள் பக்கத்து வாசல் ஒன்றைச் சொல்கிறேன். இலங்கையில் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிற பாதை குமண, யால ஆகிய தேசியப் பூங்காக்களின் ஊடாகப் போகிறது. கிழக்குக் கரையோரமாக நடந்து வந்தால் உகந்தைமலை முருகன் கோயிலோடு ஊர் முடிந்துவிடும். அதற்கப்பால் காடு. கதிர்காமத்து உற்சவத்தை ஒட்டி வருடத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம்தான் அந்தக் காட்டுப்பாதையைத் திறப்பார்கள். திறக்கும் தேதி தள்ளிப்போனால், யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து வாரக்கணக்காக நடந்து வந்தவர்கள் உகந்தைக் கடற்கரையில் காத்துக் கிடப்பார்கள். யாரும் பணம் கேட்பதில்லை. பெயரைப் பதிவார்கள், ஆட்களை எண்ணுவார்கள், பைகளைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

உள்ளே போனால் வெயிலும் மணலும். கும்புக்கன் ஓயாவில் எல்லாரும் குளித்து, ஈரத்துணியோடு மரத்தடியில் சமைத்துச் சாப்பிடுவார்கள். என்னோடு நடந்த ஒரு பாட்டி தலையில் அரிசி மூட்டை, இடுப்பில் பேத்தி, காலில் செருப்புக் கிடையாது. பாதையில் யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தது. அவர் அதைச் சுற்றிப் போய், "அரோகரா, அவர் முன்னாலே போகிறார்" என்றார். இராணுவத்தினரும் தொண்டர்களும் இடையிடையே தண்ணீர்த் தாங்கி வைத்திருந்தார்கள். அங்கே மட்டும் தள்ளுமுள்ளு. நாவலடி தாண்டி மாணிக்க கங்கையைக் காணும் வரைக்கும் எங்களுக்கு வேலி இல்லை, வாகனம் இல்லை.

அதே யாலவுக்கு இன்னொரு வாசலால் போனது வேறு கதை. லண்டனிலிருந்து மச்சான் குடும்பம் வந்திருந்தது. திஸ்ஸமகாராமையில் தங்கி, விடியுமுன் ஜீப்பில் பலட்டுபான வாசலுக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் சிவப்பு விளக்குகளாகவே ஒரு வரிசை. சீட்டு வாங்குமிடத்தில் மச்சானுக்கு வெளிநாட்டவர் கட்டணம், டொலர்க் கணக்கில். எனக்கு உள்ளூர்க் கட்டணம், அதில் ஒரு துளி. அவர் பிறந்தது பருத்தித்துறை. கடவுச்சீட்டு பிரித்தானியா. "என் ஊர்ச் சிறுத்தையைப் பார்க்க எனக்கு விசாவா?" என்று கேட்டுக்கொண்டே கட்டினார். வெளிநாட்டுக்காரரிடம் கூடுதலாக வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தப் பணத்துக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

யால 979 சதுர கிலோமீற்றர். சுற்றுலா வாகனங்களில் பெரும்பாலானவை மொய்ப்பது 141 சதுர கிலோமீற்றர் உள்ள முதலாம் பிரிவில். சாரதிக்கு ஒரு அழைப்பு வந்தது. பாலை மரத்தில் சிறுத்தை என்றாராம். அடுத்த நிமிடம் எங்கள் முதுகெலும்பு எங்களிடம் இல்லை. போய்ச் சேர்ந்தபோது முன்னும் பின்னும் ஜீப்புகள், எஞ்சின் நிறுத்தாமல், புழுதியும் புகையும். கிளையில் தொங்கிய வாலின் நுனியைக் கண்டோம். பின்னால் வந்தவர் எங்கள் சாரதியைத் திட்ட, இவர் திருப்பித் திட்ட, மச்சானின் பிள்ளைகள் அன்று சிங்களத்தில் சில வார்த்தைகள் கற்றுக்கொண்டார்கள். சிறுத்தை இறங்கிப் புதருக்குள் போய்விட்டது. சாரதியையும் குறை சொல்ல மாட்டேன்: சிறுத்தை காட்டாவிட்டால் அன்பளிப்பு இல்லை, விடுதி அடுத்த முறை அவரைக் கூப்பிடாது.

நடந்து போகிற அடியார்கள் காட்டைக் குப்பையாக்குகிறார்கள் என்று வருடாவருடம் ஒரு பேச்சு எழும். குப்பை விழுவது மெய். பாதையை மூடிவிடலாம் என்கிறவர்கள் முதலாம் பிரிவில் ஜீப்பைக் குறைக்கலாம் என்று அதே வேகத்தில் சொல்லி நான் கேட்டதில்லை.


சான் ஹோசே சுப்பிரமணியபுரத்தான்

ஊர் மதுரை, இருப்பு கலிபோர்னியா. யோசெமிட்டி தேசியப் பூங்கா எனக்குப் பக்கம். என்னைப் போல அமெரிக்காவில் வசிக்கிறவர்கள் அங்கே ஒரு காருக்கு 35 டாலர் கொடுத்தால் ஏழு நாள் போகலாம், வரலாம். காரில் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. உள்ளே போய்விட்டால் பள்ளத்தாக்கில் கால் போன போக்கில் நடக்கலாம். இது எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது, ஏனென்றால் நான் பார்த்து வளர்ந்த காடுகள் எல்லாம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவை.

ஆனால் தங்க வேண்டும், சாப்பிட வேண்டும் என்றால் அநேகமாக ஒப்பந்தக்காரரிடம்தான் போக வேண்டும். ஓட்டல், கடை, கூடாரம் என்று பெரும்பாலானவற்றை ஒரே நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். 1993 முதல் டெலவேர் நார்த் என்ற நிறுவனம் நடத்தியது. 2015இல் அடுத்த குத்தகையை அராமார்க் நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். அப்போது பழைய குத்தகைக்காரர், ஓட்டல்களின் பெயர்கள் எங்கள் வணிகக்குறி, வேண்டுமானால் விலை கொடுங்கள் என்றார். அவர்கள் சொன்ன மதிப்பு சுமார் 5 கோடி டாலர். 1927இல் திறந்த அவானி ஓட்டலுக்கு 2016 மார்ச்சிலிருந்து வேறு பெயர் வைத்தார்கள். கரி வில்லேஜ் என்ற தங்குமிடத்துக்கும் அப்படியே. நாங்கள் போனபோது பெயர்ப்பலகை மேல் புதிய பெயர் எழுதிய விரிப்பைக் கட்டியிருந்தார்கள். காற்றில் ஒரு முனை தூக்கினால் பழைய எழுத்து தெரியும். 2019இல் 1.2 கோடி டாலருக்குச் சமரசமாகி விரிப்பை அவிழ்த்தார்கள். அதில் ஒரு பங்கு அரசுப் பணம். அவானீச்சி என்பது அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த பழங்குடி மக்களின் பெயர். 1851இல் அவர்களைப் படை அனுப்பித் துரத்தினார்கள். இந்தப் பெயருக்குத்தான் இரண்டு கம்பெனிகள் சொந்தம் கொண்டாடின!

ஹாஃப் டோம் பாறையில் கம்பியைப் பிடித்து ஏறக் குலுக்கல் முறை. ஒரு நாளைக்குச் சுமார் 300 பேர். விண்ணப்பிக்கவே 10 டாலர். பெயர் விழாவிட்டாலும் திரும்பாது. முன்பதிவுத் தளம் அரசின் பெயரில் இருக்கிறது, நடத்துவது தனியார் ஒப்பந்த நிறுவனம். எனக்கு விழவில்லை. கூட்டத்தைக் குறைக்கக் குலுக்கல் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தோற்றவன் பத்து டாலர் காட்டுக்குத்தான் போகிறதா என்று கேட்டால் தப்பா?


கூடலூர்வாசி

சான் ஹோசேக்காரரே, சீகூரில் கால் போன போக்கில் நடந்தால் யானை கணக்குத் தீர்த்துவிடும், அந்த ஆசையை மதுரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். குத்தகை விஷயம் மட்டும் யோசிக்க வைக்கிறது. அங்கே குத்தகை எவ்வளவு, யாருக்கு, எத்தனை வருடம் என்று ஊருக்கே தெரிகிறது. இங்கே எந்த விடுதி எந்த அனுமதியில் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு பொதுநல வழக்கும் பத்து வருடமும் ஆயின.

மட்டக்களப்பு அடியாருக்கு: அந்தப் பாட்டியை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். பொக்காபுரத்துக்கும் இப்படி ஒரு கணக்கு வைக்கலாம் என்கிறாள், ஆளை எண்ணி விடு, மற்றபடி நடக்க விடு என்று. ஜீப் தம்பிக்கு: இரண்டு அறைக்காரரையும் இருபது ஏக்கர்க்காரரையும் ஒரே தராசில் நிறுத்தியது சரியில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் யானைக்கு இரண்டு அறையும் சுவர்தான்.


முப்பத்தாறாவது வளைவு

சுவர்தான், அண்ணா. அப்படியானால் நஷ்ட ஈட்டையும் வேலையையும் கையில் கொடுத்துவிட்டு இடிக்கட்டும்.

சேலத்து அம்மாவுக்கு: ஏறாதது நல்லது. தெப்பக்காட்டுச் சவாரிக்கு இணையத்தில் முன்பதிவு இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஊட்டி வழியாக வருவதென்றால் இ-பாஸும் எடுக்க வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று கோடை நெரிசலுக்கு உயர் நீதிமன்றம் உச்சவரம்பு வைத்தது. வறட்சியில் காட்டுத்தீ அபாயம் வந்தால் சவாரியை நிறுத்திவிடுவார்கள், புறப்படும் முன் விசாரியுங்கள். சாலையோரம் நின்று காட்டுக்குள்ளேயே கூட்டிப்போகிறேன் என்று கை காட்டுகிறவர் காப்பகத்துக்குள் போக முடியாது. ஊரையும் புதர்க்காட்டையும் சுற்றிக்காட்டி இறக்கிவிடுவார். அப்படியும் யாராவது மறித்தால், ஆளுக்கு எவ்வளவு கேட்டார் என்று மட்டும் இங்கே வந்து எழுதுங்கள். எங்கள் ஸ்டாண்டில் போய்க் கேட்டுவிடுகிறேன்.